சாட்டிக்கு வந்த பெருக்கம்பழம்

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் பெருக்கமரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. குறிகட்டுவானில் படகேறிப் போய், கோட்டையையும் குதிரைகளையும் பார்த்துவிட்டு, அந்தப் பருத்த மரத்தின் பொந்துக்குள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதன் பழத்தைத் தின்னலாமா என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. தீவுப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. மன்னாரில் கலியாணம் முடித்த தங்கச்சி ஒரு பழத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கேள்வியே எங்களுக்கு வந்தது.

மரம் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஆனைப்புளி என்பார்கள். நம்மூர்க் கதைப்படி அரபு வணிகர்கள் தங்கள் ஒட்டகங்களுக்குத் தழை வேண்டும் என்று மன்னாரிலும் நெடுந்தீவிலும் நட்டார்கள். 2015இல் வெளியான மரபணு ஆய்வொன்று இந்தியாவில் நிற்கும் பெருக்கமரங்களை ஆபிரிக்க மரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அதன்படி இந்திய மரங்கள் ஒரே தடவையில் வந்தவையல்ல, பல தடவைகளில் வந்தவை. பெரும்பங்கு மொசாம்பிக்கை ஒட்டிய கரையோரத்தோடு உறவுடையவை. அரபு வணிகர் கதையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்தக் கப்பல்களில் வந்த ஆபிரிக்க மாலுமிகளும் படைவீரர்களும் அடிமைகளும் அதில் விடுபட்டுப் போகிறார்கள். ஊரை விட்டுப் புறப்படுகிறவர் தனக்குப் பழகிய தீனியைத்தானே பையில் போடுவார்? இந்தப் பழம் மரத்திலேயே உலர்ந்துவிடும். ஓடு உடையாதவரை மாதக்கணக்கில் கெடாது. கடற்பயணத்துக்கு இதைவிடத் தோதான பழம் வேறு இல்லை.

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். உயரமோ அதில் பாதிகூட இல்லை. இரவில் விரியும் அதன் வெள்ளைப் பூவை வௌவால்கள் தேடி வரும். குஜராத் கரையில் மீனவர்கள் உலர்ந்த பழத்தை வலைக்கு மிதவையாகக் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பழம் தரைவழியாக வந்தது. வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி, பிறகு சங்குப்பிட்டிப் பாலம். 2011இல் அந்தப் பாலம் திறக்கப்பட்டிராவிட்டால் தங்கச்சி வேறு வழியாகச் சுற்றித்தான் வந்திருக்கவேண்டும். பழத்தை எல்லாம் யார் அவ்வளவு தூரம் சுமப்பார்கள்? யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி வழியாக வேலணை வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்டிக் கடற்கரையில் பாய் விரித்து இருந்தோம். பழத்தின் மேலே பச்சையும் மண்ணிறமும் கலந்த மெல்லிய மயிர். பிள்ளைகள் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுத்தது.

"மாமா, மரத்தில பாக்கோணும், செத்த எலி தொங்கிற மாதிரித் தொங்கும்" என்றான் மருமகன்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "உதைத் தின்னலாமோ பிள்ளை?"

கல்லில் வைத்துக் குத்தியதும் ஓடு இரண்டாகப் பிளந்தது. சாறு என்று ஒரு சொட்டுக் கிடையாது. செந்நிற நார்களுக்கு இடையே வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுத்த விதை. கடிக்கக்கூடாது, உமியவேண்டும் என்று தங்கச்சி சொல்லித்தந்தாள். நாக்கில் வைத்ததும் முதலில் மாவாக அண்ணத்தில் ஒட்டுகிறது. பிறகு சுள்ளென்று புளிப்பு. அது அடங்கும்போது லேசான இனிப்பு. என் மகள் ஒன்றோடு நிறுத்திவிட்டாள். மருமகன் விதை விதையாகத் துப்பிக்கொண்டே இருந்தான். அம்மா மிச்சக் கட்டிகளைச் சாட்டிக் கிணற்று நன்னீரில் கரைத்து, வடித்து, பனங்கட்டி சேர்த்தார். எல்லோருக்கும் பிடித்தது அதுதான். அம்மாவே இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தார்.

செனகலில் இதே பழத்தில் செய்கிற பானத்தை வீடு வீடாகக் குடிக்கிறார்கள். மொம்பாசாவிலும் சன்சிபாரிலும் விதைகளைச் சீனிப்பாகில் பிரட்டிச் சிவப்புச் சாயமேற்றித் தெருவில் விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் பழத்தூளை உணவாக அனுமதித்தது; இன்று அங்குள்ள கடைகளில் அது நல்ல விலைக்குப் போகிறது. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் அங்கே அதை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக்கூடும். மன்னாரிலோ பழங்கள் மரத்தடியில் விழுந்து கிடக்கின்றன. நூற்றாண்டுகளாக நம்மோடு நிற்கிற மரத்தை வேடிக்கைப் பொருளாக மட்டும் வைத்திருப்பது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. வறட்சியையும் உப்புக்காற்றையும் தாங்கி நிற்கிற மரங்கள் தீவுகளுக்கு அதிகம் கிடைக்காது.

மருமகன் துப்பிய விதைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தோல் கெட்டி; ஆபிரிக்காவில் யானையின் வயிற்றுக்குள் போய்வந்த விதை நன்றாக முளைக்குமாம். நாங்கள் அரத்தால் உரசிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறோம். வளவின் மூலையில் நடலாம் என்றாள் தங்கச்சி. வேர் சுவரைப் பிளந்துவிடும் என்று அம்மா மறித்துவிட்டார். வேலிக்கு வெளியே, வெட்டைப் பக்கமாகக் குழி வெட்டியாயிற்று.