திருச்சி – மதுரை விமான நிலையங்கள்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

வளைகுடாவிலிருந்து விடுப்பில் ஊர் திரும்பும் சபுராளிகள் பலர் இப்போது திருச்சி, மதுரை இரண்டுக்கும் டிக்கெட் விலை பார்த்துவிட்டு, குறைவானதைப் பதிவு செய்துவிடுகிறார்கள். அழைக்கப் போகும் குடும்பத்தாருக்குத்தான் குழப்பம். "மதுரைதானே, பக்கத்தில்தான்" என்று கிளம்பி, வந்தவரை வெளியே காத்திருக்க வைப்பவர்கள் உண்டு. அதனால் இந்தக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

வான்வழியில் இரண்டுக்கும் இடையே 120 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சாலையில் சுமார் 140 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலை. விராலிமலை அருகே பூதகுடியிலும், மேலூரைத் தாண்டி சிட்டம்பட்டியிலும் சுங்கச்சாவடிகள் உள்ளன. மேலூர் தாண்டியதும் மதுரை நகருக்குள் நுழைய வேண்டாம். உத்தங்குடியில் சுற்றுச்சாலையைப் பிடித்து, விரகனூர் வழியாக மண்டேலா நகர் வந்தால் விமான நிலையம் அருகில்தான்.

காரில் இரண்டரை மணி நேரம் போதும் என்பார்கள். அது வழியில் நிற்காமல் போனால். குழந்தைகள், வயதானவர்கள், தேநீர், தொழுகை எல்லாம் சேர்த்து மூன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நம் அனுபவம். தொழுகைக்குத் துவரங்குறிச்சியிலும் மேலூரிலும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன.

ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் இருப்பவர்களின் கணக்கு வேறு. அங்கிருந்து திருச்சி விமான நிலையத்துக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் ஆகலாம். மாம்பழச்சாலை காவிரிப் பாலத்தில் காலை, மாலை நெரிசல் பழக்கமானது. 2022 இறுதியில் பழுதுபார்ப்பதற்காகப் பாலத்தை மூடியபோது பட்ட சிரமம் பலருக்கும் நினைவிருக்கும். வைகுண்ட ஏகாதசி நாட்களில் அந்தப் பக்கமே போகாமல், திருவானைக்காவலிலிருந்து சென்னை புறவழிச்சாலை ஏறி, பால்பண்ணை, ஜி கார்னர் வழியாக மன்னார்புரம் வந்துவிடுங்கள். மதுரை போவதானாலும் இதே வழிதான்.

பேருந்தில் வருபவர்கள் மாட்டுத்தாவணியில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் திருச்சி வந்துவிடலாம். ஆனால் வண்டி இப்போது பஞ்சப்பூர் புதிய முனையத்துக்குத்தான் வரும். விமான நிலையம் இருப்பது புதுக்கோட்டை சாலையில். அங்கிருந்து நகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். இரு முனையிலும் சேர்த்து நான்கு மணி நேரத்துக்கு மேல். ரயிலில் திண்டுக்கல் வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரம். பெட்டிகளோடு இருமுறை வண்டி மாறுவதை உம்ராவுக்குப் போகும் பெரியவர்களுக்கு நாம் சொல்ல மாட்டோம்.

மதுரையில் இறங்கி, அதே நாளில் திருச்சியிலிருந்து வெளிநாட்டு விமானம் ஏறுவோர் கவனிக்க: குடியேற்றம், சுங்கம், பெட்டி எடுப்பதற்கு ஒரு மணி நேரம், சாலைக்கு மூன்று, திருச்சியில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். ஆக ஏழு மணி நேர இடைவெளியாவது இல்லாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதித்ததற்காக இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

இன்னொன்று. திருச்சியின் விமானக் குறியீடு டிஆர்இசட், திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி. ஓர் எழுத்து மாறினால் இறங்குவது கேரளாவில்! பணம் கட்டும் முன் அதை மட்டும் இருமுறை பாருங்கள்.