வில்மிங்டன் 1898: மறைக்கப்பட்ட வரலாற்றை எங்கே தேடுவது?

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், கேப் ஃபியர் ஆற்றங்கரையில் உள்ள துறைமுக நகரம் வில்மிங்டன். 1898 நவம்பர் 10ஆம் திகதி, ஆயுதம் தாங்கிய வெள்ளையர்கள் அங்கு மக்கள் தெரிவுசெய்த மாநகர நிர்வாகத்தைத் துப்பாக்கி முனையில் பதவி விலக வைத்தனர். அலெக்ஸ் மான்லி என்ற கறுப்பினத்தவர் நடத்திய ‘டெய்லி ரெக்கோர்ட்’ பத்திரிகையின் அலுவலகத்தை எரித்தனர். கறுப்பின மக்கள் வீதிகளில் சுட்டுக் கொல்லப்பட்டனர். தப்பியவர்கள் சதுப்பு நிலங்களிலும் மயானத்திலும் ஒளிந்திருந்தனர். பலர் ஊர் திரும்பவே இல்லை. எவரும் தண்டிக்கப்படவில்லை.

கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 14 பேர் என்கிறது ஒரு கணக்கு. பல நூறு பேர் என்கிறது இன்னொன்று. முழுமையான பெயர்ப்பட்டியல் இல்லை. வென்றவர்கள் இதைக் கறுப்பினத்தவர் தூண்டிய ‘இனக்கலவரம்’ என்று எழுதிவைத்தார்கள். நூறு ஆண்டுகள் கடந்து, 2000ஆம் ஆண்டில் மாநில சட்டசபை ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. முன்கூட்டியே திட்டமிட்டு ஆட்சி கைப்பற்றப்பட்டது என்பதை அதன் 2006 அறிக்கை உறுதிப்படுத்தியது.

இத்தகைய நகரமொன்றின் வரலாற்றைத் தேடுபவர்களுக்குக் கைகொடுப்பவை பெரும்பாலும் சாதாரண ஆவணங்களே.

நகர விபரக்கொத்து: குடியிருப்பாளரின் பெயர், தொழில், முகவரி ஆகியவற்றை அச்சிட்ட வியாபார நூல் இது. 1898இற்கு முன்னும் பின்னும் வந்த பதிப்புகளை ஒப்பிட்டால், காணாமற்போன பெயர்கள் தெரியும். ஆனால் பெயர் இல்லாததை மட்டும் வைத்து ஒருவர் இறந்துவிட்டார் என்று முடிவுசெய்ய முடியாது. அவர் வேறு நகரத்துக்கு ஓடியிருக்கலாம்.

குடிசன மதிப்பீடு: ஓடியவர்களை 1900ஆம் ஆண்டுப் பதிவுகளில் வேறு ஊர்களில் தேடலாம். 1890ஆம் ஆண்டுப் பதிவுகளில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயுடன் அழிந்துபோனது. மாநிலம் தழுவிய மரணப் பதிவு 1913இல்தான் ஆரம்பமானது. ஆகவே ஒரே பதிவேட்டை நம்பியிருக்க முடியாது.

காணி உறுதிகளும் வரைபடங்களும்: காணி யாரிடமிருந்து யாருக்கு எப்போது கைமாறியது என்பதை மாவட்டக் காணிப் பதிவகத்தில் பார்க்கலாம். தீக்காப்புறுதிக்காக சான்போர்ன் நிறுவனம் வரைந்த படங்களில் ஒவ்வொரு கட்டடமும் இருக்கிறது. கல்வீடா, மரவீடா என்பதை நிறம் காட்டும்.

பத்திரிகைகள்: அன்றைய வெள்ளையர் பத்திரிகைகள் வெறுப்புப் பிரசாரத்தின் கருவிகளாக இருந்தன. அவற்றை அந்தக் கண்ணோடே வாசிக்க வேண்டும். ‘டெய்லி ரெக்கோர்ட்’ இதழ்களில் மிகச் சிலவே மிஞ்சியுள்ளன. அவற்றைத் தேடியெடுத்து இன்று எண்ணிமப்படுத்தியுள்ளனர்.

கடிதங்கள்: படுகொலை நடந்து மூன்று நாட்களில், நகரத்துக் கறுப்பினப் பெண் ஒருவர் ஜனாதிபதி மக்கின்லியிடம் பாதுகாப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். பெயரைப் போட அஞ்சினார். உதவி வரவில்லை. ஆனால் கடிதம் பாதுகாக்கப்பட்டது. நடந்ததை அனுபவித்தவரின் குரலாக அது இன்று சாட்சி சொல்கிறது.

மயானம்: அன்று கொல்லப்பட்டவர்களில் ஒருவர் ஜோஷுவா ஹால்சி. பைன் ஃபொரஸ்ட் மயானத்தில் அடையாளமின்றிக் கிடந்த அவரது புதைகுழியை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2021 நவம்பரில், 123 ஆண்டுகளுக்குப் பிறகு, சந்ததியினர் முன்னிலையில் அவருக்கு இறுதிச்சடங்கு நடந்தது. இப்போது அங்கே அவரது பெயர் பொறித்த கல் நிற்கிறது. மற்றவர்களுக்கான தேடல் தொடர்கிறது.