ஒற்றனின் சொந்த ஊர்

ஐயத்திற்கு இடந்தராத உருவம், அஞ்சாத பார்வை, எந்நிலையிலும் உள்ளத்திலிருப்பதை உமிழாத உறுதி ஆகிய மூன்றும் ஒற்றனுக்கு வேண்டுமென்கிறார் வள்ளுவர். இம்மூன்றில் ஒன்று நழுவிவிடுமோ என்ற பதைப்பிலிருந்து துன்பியலும் பிறக்கலாம், நகைச்சுவையும் பிறக்கலாம்.

1992 ஜூலையில் ஹாங்காங்கில் வெளியான 'போலீஸ் ஸ்டோரி 3: சூப்பர்காப்' இவற்றுள் இரண்டாம் வழியைத் தேர்ந்துகொண்ட படம். ஸ்டான்லி டாங் இயக்கிய இதில் ஹாங்காங் காவல் அதிகாரியாக ஜாக்கி சானும், சீனப் பெருநிலத்தின் காவல் அதிகாரியாக மிஷெல் யோவும் நடித்தனர். போதைப்பொருள் கும்பலொன்றினுள் நுழைவதற்காக, தொழிலாளர் முகாமில் அடைபட்டிருக்கும் பாந்தர் என்பவனைத் தப்புவித்து அவனுக்கு நண்பனாகிறான் நாயகன். பாந்தராக நடித்த யுவென் வா, சானுடன் ஒரே பீக்கிங் ஆப்ராப் பள்ளியில் பயின்றவர். பொய் நட்பை நடித்துக் காட்டியவர்கள் மெய்யாகவே இளமைத் தோழர்கள்.

ஓடும் ரயிலின் மீது யோ மோட்டார் சைக்கிளோடு பாய்ந்ததையும், கோலாலம்பூர் வானில் ஹெலிகாப்டரின் நூலேணியைப் பற்றிச் சான் தொங்கியதையும் பலரும் வியந்து எழுதிவிட்டனர். நாம் பேச விரும்புவது அடிதடி ஏதுமற்ற ஒரு வீட்டுக் காட்சியைப் பற்றி.

நாயகன் தன் ஊரென்று சொல்லிவைத்த ஃபோஷானுக்குப் பாந்தர் வந்து சேர்கிறான். இல்லாத குடும்பத்தை எங்கிருந்து காட்டுவது? நாயகன் தவித்து நிற்க, காவல்துறை அவனை முந்திக்கொண்டு ஒரு குடும்பத்தையே அமைத்து வைத்திருக்கிறது. பெண் அதிகாரி தங்கையாகிறாள். ஹாங்காங்கின் மேலதிகாரியோ மூதாட்டி வேடம் பூண்டு வரவேற்கிறார். யார் யாருக்கு என்ன உறவென்று நாயகனுக்கே தெரியவில்லை. அரங்கம் சிரிக்கிறது.

அச்சிரிப்பின் அடியில் ஒரு வரலாறு கிடக்கிறது. 1984 டிசம்பரில் பிரிட்டனும் சீனாவும் ஒப்பமிட்ட கூட்டறிக்கையின்படி, 1997 ஜூலை முதல் நாள் ஹாங்காங் சீனாவின் வசமாக வேண்டும். 1989 ஜூனில் பெய்ஜிங்கில் நடந்தவை அந்நகரத்தாரின் உள்ளத்தில் அச்சத்தை விதைத்திருந்தன. இயன்றவர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தனர். தான் அறியாத உறவினரிடம் ஒப்படைக்கப்படவிருந்த ஓர் ஊரே, அறிமுகமில்லாத வீட்டிற்குள் 'அம்மா' என்றழைத்தபடி நுழையும் நாயகனில் தன்னைக் கண்டிருக்கக்கூடும் என்றே நமக்குத் தோன்றுகிறது. கைப்பற்றிய கள்ளப்பணம் ஹாங்காங்குக்கா, சீனாவுக்கா என்று இரு அதிகாரிகளும் வழக்காடும் இறுதிக் காட்சியும், 1997க்குப் பின் எல்லாம் ஒன்றே என்ற கேலியுடன்தான் முடிகிறது. பத்தாண்டுகள் கழித்து, 2002இல் வந்த 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' இதே ஒற்றனின் கதையைச் சிரிப்பின் சுவடேயின்றிச் சொன்னது.

இத்துடன் நின்றுவிட்டால் இது சமூக வரலாறு மட்டுமே. 2003இல் மேபல் சியுங் எடுத்த ஆவணப்படம் ஒன்று, ஜாக்கி சானின் பெற்றோரைப் பற்றிய செய்திகளை உலகறியச் செய்தது. அவர் தந்தை சீன உள்நாட்டுப் போர்க்காலத்தில் கோமிண்டாங் கட்சிக்காக உளவு பார்த்தவர். ஹாங்காங்குக்குத் தப்பி வந்தபின், ஃபாங் என்ற குடும்பப் பெயரை மறைத்துச் சான் ஆனவர். முந்தைய மணங்களின்வழி தந்தைக்கு இரு மகன்களும் தாய்க்கு இரு மகள்களும் பெருநிலத்தில் இருந்தனர். ஜாக்கி தம் பெற்றோருக்கு ஒரே பிள்ளை என்றே நம்பி வளர்ந்தவர். நடுவயதைக் கடந்த பின்னரே தந்தை வாய் திறந்தார்.

இதை அறிந்தபின் ஃபோஷான் காட்சியை மறுபடி பார்ப்போர்க்கு முந்தைய சிரிப்பு அப்படியே வருவதில்லை. பெருநிலத்தில் தனக்கொரு குடும்பம் இருப்பதாக நடித்துக்கொண்டிருந்த அந்நாளில், அவருடைய உடன்பிறப்புகள் மெய்யாகவே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தனர். வள்ளுவர் கேட்ட மூன்று தகுதிகளும் நாயகனிடம் இல்லை. அவை ஏறக்குறைய அரை நூற்றாண்டு தவறாமல் வாய்த்திருந்தது வீட்டிலிருந்த தந்தைக்கே.