பெயர்த்தது யார்?

திண்டுக்கல் 'சிறுமலை செட்'டுக்குப் போய் நல்ல மலைப்பழம் கேட்டுப் பாருங்கள். தோல் தடித்து, குட்டையாக, லேசான புளிப்போடு, நாலு நாள் வைத்திருந்தாலும் கொழகொழக்காத பழம். பழநி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்த மலைப்பழங்கள்தான். ஒருகாலத்தில் மலையெங்கும் இதே வாழை. பிறகு வந்தது முடிக்கொத்து நோய். அசுவினி சுமந்து வரும் வைரஸ். நோய்ப்பட்ட மரத்தின் கன்றை நட்டால் கூடவே அதுவும் வரும். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. பக்கத்துக் கீழ்ப்பழநி மலையில் மட்டும் எழுபதுகளில் சுமார் 18,000 ஹெக்டேர் இருந்த வாழை, 2,000-க்குச் சுருங்கிப்போனது. வாழை நின்ற இடத்தில் காப்பியும் மிளகும் எலுமிச்சையும் உட்கார்ந்துகொண்டன.

இதை ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல்லில் முடித்துவிடுவார்கள்: 'டிஸ்ப்ளேஸ்'. ஃப்யூஸான பல்பைக் கழற்றிப் புதுசு மாட்டினால் அது 'ரிப்ளேஸ்'. இருந்ததைத் தள்ளிவிட்டு வேறொன்று உட்கார்ந்தால் 'டிஸ்ப்ளேஸ்'. ஆர்க்கிமிடிஸ் இறங்கியதும் தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீருக்கும் அதே சொல்தான். தள்ளுகிறவர் ஒருவர், தள்ளப்படுகிறவர் ஒருவர். இரண்டு பேருமே சொல்லுக்குள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஐரோப்பிய முகாம்களில் அடைந்து கிடந்த லட்சக்கணக்கான ஜனங்களுக்கும் 'டிஸ்ப்ளேஸ்டு பெர்சன்ஸ்' என்றே பேர்.

நம் பத்திரிகைகள் அதை 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதுகின்றன. பள்ளிக்கூட இலக்கணத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பெயர்ந்தான், தன்வினை. பெயர்த்தான், பிறவினை. 'இடம்பெயர்ந்தார்கள்' என்றால் ஏதோ அவர்களாகவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய மாதிரி இல்லை? பெயர்த்த ஆசாமி வாக்கியத்திலிருந்தே நழுவிவிடுகிறார்! தமிழைக் குறை சொல்லாதீர்கள். 'பெயர்க்கப்பட்டோர்' என்று தாராளமாக எழுதலாம். நாம்தான் எழுதுவதில்லை.

நம் வீட்டுக் கதையையே பார்க்கலாமே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களை, 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தாயிற்று. வாழைத்தாரைக்கூட இவ்வளவு சுலபமாகப் பங்கு போடமாட்டார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் இன்னும் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நம் அரசாங்கம் வைத்த பேர் 'தாயகம் திரும்பியோர்'. பார்த்தே இராத ஊருக்கு எப்படி ஐயா திரும்புவது? அங்கே இருந்தவரை பதிவேட்டில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதியிருந்தார்கள். இங்கே வந்து இறங்கியதும் ஊர்க்காரர்கள் 'சிலோன்காரங்க' என்றார்கள்.