ஏலக்காய் ஸ்டோரும் ஒழுகும் புகைக்குழாயும்



மலையில் ஏலக்காய் ஸ்டோர் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் பேசினார். "சார், புகைக்குழாய் ஓட்டைத் தாண்டி வெளியே போற இடத்துல மட்டும் ஒழுகுது. மூணு தடவை சிமென்ட் பூசியும் நிக்கல" என்றார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன். இதில் கொஞ்சம் வரலாறும் இருக்கிறது.

போடிமெட்டுக்கு மேலே காய் பறிப்பு தொடங்குவதும் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதும் ஒரே காலத்தில்தான். மழை விட்டாலும் வெயிலில் காயப்போட முடியாது, பச்சை நிறம் வெளுத்துவிடும். அதனால்தான் ஸ்டோர் வந்தது. வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடான புகை குழாய்க்குள்ளேயே அறையைச் சுற்றி வந்து, காயைத் தொடாமல் கூரை வழியாக வெளியேறும். 80 சதவீத ஈரம் உள்ள காய் 10, 12 சதவீதத்துக்கு வற்றும். 5 கிலோ பச்சைக்காய்க்கு ஏறத்தாழ 1 கிலோ உலர்காய்தான் தேறும்.

கூரைக்கு வருவோம். ஒன்றோடொன்று கவ்வும் ஓட்டை 1841-இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் உருவாக்கினார்கள். 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். நாம் 'மங்களூர் ஓடு' என்று சொல்வது இப்படி வந்ததுதான். நாட்டு ஓடானாலும் மங்களூர் ஓடானாலும் சூத்திரம் ஒன்றே: கீழ் வரிசையை முதலில் வேய வேண்டும், மேல் வரிசை அதன்மேல் படிய வேண்டும். தண்ணீர் எந்த இடத்திலும் மேலிருந்து உள்ளே புக வழி கிடைக்காது.

குழாய்க்காக ஓட்டை வெட்டும்போது இந்தச் சூத்திரம் அந்த இடத்தில் அறுந்துபோகிறது. சிமென்ட் அதை ஒட்டவைக்காது. அடுப்பு எரியும்போது குழாய் நீளும், அணைந்தால் சுருங்கும். சிமென்ட் கூடவே நீளாது, விரிசல் விடும்.

சரியான வழி இதுதான். குழாயைச் சுற்றிப் பாவாடைபோல் விரிந்த தகரம் வையுங்கள். அதன் மேல் விளிம்பு மேல் வரிசை ஓட்டுக்கு அடியில் போக வேண்டும். கீழ் விளிம்பு கீழ் வரிசை ஓட்டின் மேல் கிடக்க வேண்டும். குழாய்க்கும் தகரத்துக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, அதை மூட ஒரு தகரக் குல்லாயைக் குழாயோடு மட்டும் இறுக்குங்கள். குழாய் நீண்டு சுருங்கினாலும் எதுவும் உடையாது.

அரைகுறையாய் உலர்ந்த தட்டில் சொட்டுச் சொட்டாய் நீர் விழுந்தால் காய் கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். போடி ஏலத்தில் விலை இறங்கும். மழையில் குனிந்து காய் பறித்த பெண்களின் உழைப்பு அந்த ஒரு துளையில் வீணாகிவிடும்.

ஒரு வேண்டுகோள்: ஈர ஓட்டில் யாரும் ஏறாதீர்கள். மழை விட்டு, அடுப்பு ஆறிய பிறகு ஏறுங்கள். கூரையை மாற்றிக்கொள்ளலாம், காலை மாற்ற முடியாது.