கனகசூரிய சிங்கையாரியனும் அவன் குடும்பமும்

யாழ்ப்பாண வரலாற்றைக் கற்போர் சங்கிலி மன்னனை அறிந்த அளவிற்கு, அவனுடைய பாட்டனாக மரபு கூறும் கனகசூரிய சிங்கையாரியனை அறிந்திலர். பதினைந்தாம் நூற்றாண்டில் அரசை இழந்து, பதினேழு ஆண்டுகளின் பின் அதனை மீட்ட இம்மன்னனின் வாழ்வு, சிறிய அரசுகளின் இயல்பை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணைபுரிவதாகும்.

நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிம்மாசனப் பெயர்களை மாறிமாறிச் சூடினர். அவர்கள் வெளியிட்ட நாணயங்களிற் காணப்படுவதோ 'சேது' என்னும் சொல்லாகும். எனவே, மன்னர்களைத் தனித்தனியே இனங்காண்பது எளிதன்று. அவர்களுடைய இயற்பெயர்களையும் உறவுமுறைகளையும் அறிவதற்கு, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையையே பெரிதும் நாடவேண்டியுள்ளது.

கனகசூரியன் ஏறத்தாழ 1440 இல் முடிசூடினான் எனக் கொள்வர். 1450 அளவில், கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு தன் வளர்ப்பு மகனாகிய சப்புமல் குமாரயனைப் படையுடன் வடக்கே அனுப்பினான். தமிழ் மரபில் செண்பகப் பெருமாள் எனப்படும் அவன், யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி அங்கிருந்தே ஆட்சி நடத்தினான். அவனுக்குத் தூதாகக் குயிலை விடுப்பதாக அமைந்த கோகில சந்தேசய என்னும் சிங்கள நூல் அக்காலத்து எழுந்ததாகும்.

தோல்வியுற்ற கனகசூரியன் மனைவியுடனும் புதல்வர் இருவருடனும் தமிழகஞ் சென்றான் என்றும், மைந்தர் திருக்கோவலூரிற் படைக்கலப் பயிற்சி பெற்றனர் என்றும், பின்னர் தமிழகத்துச் சிற்றரசர் சிலரின் துணையுடன் தந்தையும் மக்களும் மீண்டு வந்து அரசைக் கைப்பற்றினர் என்றும் வைபவமாலை கூறுகிறது. இடையில் ஆண்டவனை விசயவாகு எனக் குறிப்பிடும் இந்நூல், செண்பகப் பெருமாளின் பெயரைச் சுட்டவில்லை. பெயரில் இவ்வாறு மயக்கம் நேர்ந்திருப்பினும், அது தரும் பதினேழு ஆண்டுக் கணக்கு ஏனைய சான்றுகளோடு பொருந்துகின்றமை நோக்கத்தக்கது.

அப்பொருத்தத்திற்குக் காரணம் யாது? 1467 இல் பராக்கிரமபாகு இறந்ததும், அவனுடைய பேரன் கோட்டையில் அரியணை ஏறினான். அதனைப் பொறாத செண்பகப் பெருமாள் தெற்கே சென்று, அவனைக் கொன்று, ஆறாம் புவனேகபாகு என முடிசூடினான். வடக்கில் அவனது பிடி தளர்ந்த வேளையிலேயே கனகசூரியன் திரும்பினான். ஆகவே, இம்மீட்சியை வாள்வலியால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. ஒரு குடும்பம் வாரிசுரிமைப் பூசலாற் பிளவுற்றது. மற்றொன்று புகலிடத்திலும் பிளவுறாது காத்திருந்தது. வெற்றியின் வேர் இங்குள்ளது எனலாம்.

இக்கருத்தை வலியுறுத்த அக்கால ஐரோப்பாவிலும் ஓர் ஒப்புமை உண்டு. பிரான்சிலுள்ள அஞ்சூவின் கோமகன் ரெனே, 1442 இல் நேப்பிள்சு அரசை அரகான் மன்னன் அல்பொன்சோவிடம் இழந்தான். அவனுடைய மகன் சான் 1470 இலும், பேரன் நிக்கோலா 1473 இலும் மறைந்தனர். 1480 இல் ரெனே இறந்தபோது அஞ்சூவும் பிரெஞ்சு முடியைச் சேர்ந்தது. அவன் நேப்பிள்சை மீண்டும் பெறவேயில்லை. கனகசூரியனுக்கோ வளர்ந்த மைந்தர் பக்கத்தில் நின்றனர்.

எனினும், அவ்வொற்றுமை நிலைக்கவில்லை. 1478 அளவிற் பட்டம் பெற்ற அவன் மகன் பரராசசேகரனின் பல மனைவியர்வழி மக்களிடையே பகை மூண்டது என்றும், சங்கிலி அரசுரிமை பெற்ற சகோதரரை அழித்தே ஆட்சியைப் பற்றினான் என்றும் வைபவமாலை உரைக்கிறது. அந்நூலின் சங்கிலி மீதான வெறுப்பைக் கழித்து நோக்கினும், கோட்டையைத் தளர்த்திய அதே நோய் நல்லூர் அரண்மனையினுள்ளும் புகுந்தமை புலனாகும். போர்த்துக்கேயர் 1560 இற் படையெடுத்தபோதும், 1619 இல் அரசை முற்றாகக் கவர்ந்தபோதும், அரச குடும்பத்தின் உட்பகை அவர்களுக்கு வாய்ப்பாயிற்று.

இன்றும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கட்டியத்திற் புவனேகவாகுவின் பெயர் ஓதப்படுகிறது. அது செண்பகப் பெருமாளையே குறிக்கும் என்பார் பலர், மறுப்பாரும் உளர். முன்னோர் கொள்கையே சரியாயின், நாட்டை வென்றவன் பெயர் வழிபாட்டில் நிலைபெற, அதனை மீட்டவன் பெயர் ஏட்டளவில் நின்றுவிட்டது என்றாகும். நினைவு நிலைப்பதற்கு வெற்றி மட்டும் போதாது. அதனைக் கல்லிலோ கோயிலிலோ பதித்துச் செல்லவும் வேண்டும். கனகசூரியன் விட்டுச்சென்றது ஒரு குடும்பத்தை மட்டுமே. அக்குடும்பம் சிதைந்தபோது அவன் புகழும் உடன் மங்கியது.