கோப்பின் பெயரும் குறியும்

முதல் ஏடும் கடைசி ஏடும் சிதைந்துபோன ஓலைச்சுவடி ஒன்று கிடைத்தால், அஃது இன்ன நூல் என்று அறிவது எங்ஙனம்? கட்டின்மேல் யாரோ ஒரு பெயரை எழுதி வைத்திருக்கலாம். அப்பெயர் பிழையாகவும் இருக்கலாம். ஆதலால் சுவடி ஆராய்வோர் மேற்பெயரை முற்றும் நம்பாமல், உள்ளே இரண்டு செய்யுளைப் படித்துப் பார்த்தே ஒரு முடிவுக்கு வருவர். நாம் நாள்தோறும் பழகும் கணினியிலும் இதே இடர்ப்பாடு உண்டு. என்னவென்று தெரியாத கோப்புகள் வட்டு நிறையக் கிடக்கின்றன. அவற்றை இனங்காணும் வழி எவ்வாறு தோன்றியது என்பதை மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கோப்பின் பெயரில் புள்ளிக்கு முன் நிற்பது நாம் இட்ட பெயர். பின் நிற்கும் மூன்று நான்கு எழுத்துகள் அதன் வகையைக் கூறுவன. நூலோர் இதனை நீட்டிப்பு என்பர். நான் வால் என்றே சொல்லப்போகிறேன். 1960களில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்குயிப்மெண்ட் நிறுவனம் செய்த பெரிய கணினிகளில் பெயருக்கு 6 எழுத்து, வாலுக்கு 3 எழுத்து என்று வரையறுத்திருந்தனர். அக்கணினியின் நினைவகம் 36 பிட்டுகள் கொண்ட கூறுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஓர் எழுத்துக்கு 6 பிட்டு என்று கொண்டால், ஒரு கூற்றில் 6 எழுத்து அடங்கும். அரைக் கூற்றில் 3 எழுத்து அடங்கும். இடச் சிக்கனமே இலக்கணமாயிற்று! 1974-இல் சிறு கணினிகளுக்கென சி.பி.எம். என்ற இயங்குதளத்தை ஆக்கிய காரி கில்டால், பெயரை 8 எழுத்தாக நீட்டினார். வாலை மூன்றாகவே விட்டுவிட்டார். 1981-இல் வந்த டாஸ் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டது. 1995-இல் விண்டோஸ் 95 வந்த பின்னரே 255 எழுத்துவரை பெயரிடும் உரிமை பொதுமக்களுக்குக் கிடைத்தது.

உறைக்குள் உறை வைத்துக் கோப்புகளை அடுக்கும் முறை இதற்கும் முந்தியது. மல்டிக்ஸ் என்னும் அமைப்புக்காக டேலி, நியூமன் ஆகிய இருவரும் 1965-இல் அதனை விரித்து எழுதினர். டாஸில் அது 1983-இல்தான் வந்தது. 10 மெகாபைட்டு வன்வட்டோடு கணினி வெளிவந்த ஆண்டு அது. அவ்வளவு பெரிய வட்டின் கோப்புகளை ஒரே பட்டியலில் வைத்துச் சமாளிக்க இயலாது என்பது வெளிப்படை. முதல் இரண்டு எழுத்துகள் நெகிழ்வட்டுகளுக்கு உரியனவாக இருந்தமையால் வன்வட்டு ‘சி’ ஆயிற்று. நெகிழ்வட்டு மறைந்தும் அப்பெயர் மாறவில்லை.

இனி உள்ளே புகுவோம். யூனிக்ஸ் இயங்குதளம் கோப்பின் வாலுக்கு எந்த மதிப்பும் தரவில்லை. அதில் ஒரு நிரற்கோப்பின் தலைப்பகுதியும் நிரலோடு சேர்ந்தே நினைவகத்தில் ஏறியது. தலைப்பகுதியைக் கட்டளை என்று கருதிக் கணினி தடுமாறாமல் இருக்க, அதன் முதற்கூற்றில் ‘இதைத் தாண்டிச் செல்க’ என்ற கட்டளையை வைத்தனர். எண்மான முறையில் அதன் மதிப்பு 407. பின்னாளில் தாண்ட வேண்டிய தேவை போயிற்று. எண் மட்டும் நின்றது. நிரலை இனங்காட்டும் முத்திரையாக அது மாறியது. 1973-இல் வெளிவந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பில், கோப்பின் உள்ளடக்கத்தை நோக்கி வகையைக் கூறும் ‘ஃபைல்’ என்ற கட்டளையும் இடம்பெற்றது. நம் சுவடி ஆராய்ச்சியாளரின் வேலையை அது செய்கிறது. இன்றும் வழக்கில் உள்ளது.

இத்தகைய முத்திரைகளில் சில சுவையானவை. டாஸ், விண்டோஸ் நிரல்கள் ‘எம், இசட்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும். அவை அவ்வமைப்பை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் தலைப்பெழுத்துகள். 1989-இல் வந்த சிப் கோப்பின் ‘பி, கே’ ஃபில் காட்ஸ் என்பவருடையது. 2007 முதல் வோர்டு ஆவணங்களும் உள்ளே சிப் வகையாகவே அமைந்தமையால் அவையும் ‘பி, கே’ என்றே தொடங்குகின்றன. ஆகவே வாலை மாற்றினால் பொருள் மாறிவிடும் என்று எண்ணுவது பொருந்தாது. ஓவியக் கோப்புக்குப் பாட்டின் வாலை ஒட்டினால் அது பாடாது.

வாலை நம்பி உலகம் ஏமாந்த நாள் ஒன்று உண்டு. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒரு காதற்கடிதம் மின்னஞ்சலில் புறப்பட்டது. இணைப்பின் பெயர் ‘டி.எக்ஸ்.டி.’ என்ற எழுத்துரை வாலோடு முடிந்ததாகப் பலருக்குத் தெரிந்தது. உண்மையில் அதற்குப் பின் ‘வி.பி.எஸ்.’ என்ற நிரலின் வால் ஒன்று இருந்தது. அறிந்த வால்களை விண்டோஸ் மறைத்துக் காட்டும் வழக்கம் உடையதாதலின், அது கண்ணில் படவில்லை. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அது தானே பரவியது. ஓவியக் கோப்புகளை அழித்து அவ்விடத்தில் தன்னையே எழுதிவைத்தது. பாட்டுக் கோப்புகளை மறைத்ததேயன்றி அழிக்கவில்லை என்பது வியப்பு. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலை நிறுத்திவைக்க நேர்ந்தது. மறைந்த வாலைக் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்ள அன்றும் வழியிருந்தது, இன்றும் இருக்கிறது.

முத்திரையே இல்லாத கோப்பும் உண்டு. அதுவே நம் தமிழுக்கு நேர்ந்த இடர். ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றது. எனினும் அது பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துரு ஆக்கியோரும் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தம் விருப்பப்படி தமிழை அமர்த்தினர். 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாட்டில் டாம், டாப் என்ற இரு பொது முறைகள் வகுக்கப்பட்டன. அதற்கு முன் எழுதியவை பல்வேறு முறைகளில் சிதறிக் கிடந்தன. என் நண்பர் ஒருவர் 1997-இல் தட்டச்சிட்ட ஆய்வேட்டைத் திறந்தபோது, திரை முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். எழுத்துரு எதுவென்று அவருக்கே நினைவில்லை. இருவரும் அமர்ந்து, சொல்லின் முதலிலும் இடையிலும் வந்து இறுதியில் மட்டும் வாராத குறிகளைத் தேடினோம். பழைய முறைகளில் கொம்பு தன் மெய்க்கு முன்னே எழுதப்படும்; எனவே சொல்லின் இறுதியில் நிற்க அதற்கு இடமில்லை. கொம்பு அகப்பட்டதும் அதை அடுத்து நின்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன; இரண்டு மாலைப்பொழுதில் அட்டவணை முடிந்தது.

மாற்றிய ஆய்வேட்டின் பெயரை அவர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கியிருக்கிறார். அப்படி எழுதினால் கணினி பெயர்களை அடுக்கும் வரிசையே காலவரிசை ஆகிவிடும், 1988-இல் ஐ.எஸ்.ஓ. 8601 என்ற உலகத்தரம் வகுத்த முறை அது. பழைய கோப்பையும், நாங்கள் எழுதிய அட்டவணையையும் ‘மூலம்’ என்ற தனி உறையில் இட்டு, வேறொரு வட்டிலும் படியெடுத்து வைத்திருக்கிறார்.